காசிக்குப் போகாமலே நிமிர்ந்த முதுகு

காசி யாத்திரை போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, மதராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆறு மாதத்துக்கு மேல் மல்லாந்து கிடந்தவன் நான். அப்போது எனக்கு வயது முப்பத்தாறு. அதற்கு முன்னும் பின்னும் பொய் சொல்லியிருக்கிறேன். ஆனால் எதற்கும் இவ்வளவு செலவழித்ததில்லை, எதையும் இவ்வளவு மோசமாகச் சொன்னதும் இல்லை.

காரணம் என் முதுகு. பன்னிரண்டு வயதிலேயே அது நேர்வழியை விட்டு விலகிவிட்டது. முப்பது வயதில் வலது தோள்பட்டை, யாரோ பின்னால் நின்று கூப்பிட்டதுபோலத் திரும்பிப் புடைத்துக் கொண்டிருந்தது. இடது தோள் இடுப்போடு ரகசியம் பேசப் போய்விட்டது. சட்டை தைக்கிற கடைக்காரர் அளவு எடுக்கும்போதெல்லாம் இரண்டு முறை எடுப்பார். இரண்டும் ஒத்து வராமல் மூன்றாவதாக ஓர் அளவைக் குத்துமதிப்பாக எழுதிக்கொள்வார்.

வேலைக்கு மட்டும் அந்த முதுகு தோதாக இருந்தது. திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் நான் மேஸ்திரி. ஆவாரம்பட்டையில் ஊறிப் பதமாகிக் காய்ந்து வரும் ஆட்டுத் தோல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது செருப்புக்குள் ஒட்டத்தான் ஆகும் என்று பிரித்து அடுக்க வேண்டும். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தோலை முழங்கால் மேல் விரித்து, மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்ப்பதுதான் எங்கள் முறை. உண்ணி கடித்த புள்ளி, அம்மைத் தழும்பு, உரிக்கும்போது பட்ட கத்தி வெட்டு எல்லாம் தெரியும். வேடசந்தூர்ப் பக்கத்து ஆடு என்றால் விலாவில் முள் கீறல் இருக்கும். அந்த ஆடு எந்தக் காட்டில் மேய்ந்தது என்றுகூடச் சொல்லுவேன். சரிபார்க்க ஆடு உயிரோடு இல்லாததால் யாரும் மறுத்ததில்லை.

முதலாளிக்கு என் கூனில் பெருமை. மதராஸிலிருந்து சரக்கு எடுக்க வரும் ஏஜண்டிடம் என்னைத் திருப்பி நிறுத்திக் காட்டுவார். "முதுகப் பாருங்க. லட்சம் தோலுக்குக் குனிஞ்ச முதுகு." சிறு வயதுக் கோளாறை உழைப்புக்குக் கிடைத்த விருதாக ஆக்கிக் கொடுக்கிறவரை நான் எதற்குத் திருத்த வேண்டும்? பணிவாகச் சிரித்துக்கொண்டு நிற்பேன். வேறு மாதிரி நிற்கவும் வராது.

பிறகு இடது கால் மரத்துப் போக ஆரம்பித்தது. பத்துப் படி ஏறினால் மூச்சு நின்று யோசித்தது. மதராஸ் டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து எலும்பைச் செதுக்கி எடுத்து முதுகெலும்பில் பதித்து ஒட்டவைக்கலாம், முழுக்க இல்லாவிட்டாலும் பெரும்பாலும் நிமிர்த்தலாம் என்றார். பல மாதம் படுக்கை, அதற்குப் பிறகும் மாவுக்கட்டு.

"அப்புறம் குனியலாமா?" என்று கேட்டேன்.

"குனிய முடியாது. அந்த இடம் ஒரே எலும்பாகிவிடும்."

"என் வேலையே குனிவதுதான்."

அவர் படத்தை உறையில் போட்டுக்கொண்டே, "குனியாமல் செய்கிற வேலையாகப் பாருங்கள். மூச்சு முக்கியமா, வேலையா?" என்றார். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

முதலாளியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் ஷாப்பில் நோய்க்குப் படுத்தவனுக்கு இடம் காத்திருந்ததாக வரலாறு இல்லை. முதுகை வெட்டினால் ஆள் படுக்கையோடு சரி என்பது அந்த நாளில் ஊரறிந்த தீர்ப்பு. யாத்திரை மட்டும் வேறு. முதலாளி ஹஜ்ஜுக்குக் கப்பலில் போய் வந்தவர். "யாத்திரை போனவன் எடத்துல இன்னொருத்தன நெரந்தரமா உக்கார வைக்கிறது பாவம்" என்று அவர் சொல்லி என் காதாலேயே கேட்டிருக்கிறேன். காசி, கயா, பத்ரி என்று வடக்கே உள்ள அத்தனையையும் ஒரே மூச்சில் அடுக்கினேன். என் மூச்சுக்கு அது சாதனை. அவர் எழுந்து நின்று, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "போய்ட்டு வாங்க. அங்க நமக்கும் சேத்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். அந்தக் கைகளை விடுவித்துக்கொண்டு வெளியே வந்து, வாசலில் காத்திருந்த மனைவியிடம் சொன்னேன். அவள் தெருவில் இறங்கி நடந்தாள். நாலு அடி தள்ளிப் போய், "நல்லா இருக்கு. ஆஸ்பத்திரியில விளக்கேத்திக் கும்பிட்டு அவருக்கும் சேத்துச் சொல்லிருங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. நான் பார்த்தது கூரையை மட்டும்தான். மல்லாந்து படுத்துத் தலைக்கு மேலே புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துப் படித்தேன். தூக்கம் வந்தால் அது மூக்கில் விழும். தடித்த புத்தகங்களின் மேல் எனக்கிருந்த மரியாதை அங்கேதான் குறைந்தது. மாதம் ஒரு கார்டு முதலாளிக்கு எழுதுவேன். மல்லாந்து எழுதினால் பேனாவில் மை மேல்நோக்கி வராது என்பதால் பென்சிலில் எழுதினேன். 'இன்று கங்கையில் நீராடினேன். தங்களை நினைத்துக்கொண்டேன்' என்ற மாதிரி. மனைவி அதை ஆஸ்பத்திரி வாசலில் உள்ள தபால்பெட்டியில் போட்டுவிட்டு, மோர் வாங்கிக்கொண்டு வருவாள்.

முதன்முதல் எழுந்து நின்ற நாளில் தரை எங்கோ பள்ளத்தில் கிடந்தது. இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தேன். என் மனைவியின் உச்சந்தலையை அன்றுதான் நேராகப் பார்த்தேன், நரை தெரிந்தது. சொல்லவில்லை. உயரத்தோடு விவேகமும் கொஞ்சம் வந்திருந்தது.

அக்குளிலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டோடு ஊர் திரும்பினேன். இன்னும் மூன்று மாதம் அதைக் கழற்றக் கூடாது. மதராஸில் ஒரு கட்டுக் கறுப்புக் கயிறு வாங்கிக் காசிக் கயிறு என்று பெட்டியில் வைத்தாயிற்று. கங்கைத் தண்ணீர்ச் சொம்பு ரயிலில் களவு போய்விட்டது என்று பேசி வைத்துக்கொண்டோம். மாவுக்கட்டுக்கும் ஒரு கதை தயார்: காசியில் படித்துறையில் வழுக்கி விழுந்தேன், அங்கேயே ஒரு வைத்தியர் கட்டுப் போட்டார்.

குதிரை வண்டியும் சைக்கிளும் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஷாப்புக்கு நடந்தே போனேன். திண்டுக்கல் வெயிலில் மாவுக்கட்டு அடுப்பில் வைத்த பானை மாதிரி உள்ளுக்குள் வேகவைத்தது. அரிப்பெடுத்தால் சொரிய முடியாது; ஒரு விளக்குமாற்று ஈர்க்குச்சியைச் சட்டைப்பையில் பேனாவோடு செருகியிருந்தேன்.

முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். யாத்திரை போய் வந்தவரை மார்போடு தழுவி வரவேற்பது அவர்கள் வழக்கம். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். தடுக்க நேரமில்லை. அவர் நெஞ்சு என் நெஞ்சில் பட்டது. சட்டைப் பொத்தான் மாவில் மோதி, யாரோ கதவைத் தட்டியதுபோல 'டொக்' என்று கேட்டது. அவர் பின்வாங்கிப் பார்த்தார். முதுகைத் தட்டினார். அங்கேயும் 'டொக்'.

"என்னங்க இது?"

படித்துறைக் கதையைச் சொன்னேன். அவர் என்னைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்தார். எங்கள் ஷாப்பில் தோல் வாங்குமுன் அப்படித்தான் பார்ப்பார்.

"விழுந்தா கோணும். நீங்க விழுந்து நிமிந்துருக்கீக."

"கங்கையோட விசேஷம் முதலாளி."

"அம்புட்டு விசேஷமா?" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சரி, காசிக்குப் போனா புடிச்ச காய் ஒண்ண விட்டுட்டு வரணும்பாகளே. எதை விட்டீக?"

இதை மட்டும் நாங்கள் பேசி வைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து சேவுகம்பட்டிக் காய்க்காரி ஒருத்தி கூடையோடு வாசலைக் கடந்தாள். கூடை நிறையக் கத்திரிக்காய். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"கத்திரிக்காய்."

உலகத்தில் எனக்குப் பிடித்த ஒரே காய் அது. வீட்டில் சொன்னபோது மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பக்கத்து வீட்டுல என்னையும் கேட்டாக. நான் பாகக்காயச் சொன்னேன். அதத்தான் எனக்குப் புடிக்காதே. அதுக்கும் ஒரு புத்தி வேணும்." அன்று இரவு அவள் எண்ணெய்க் கத்திரிக்காய் வைத்து, எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். தெருக்காரர்கள் வந்து போகிற வீடு. நான் தொட முடியாது.

ஆனால் உண்மையான சோதனை காயில் இல்லை. பாயில் இருந்தது. என் பாயில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். நெய்க்காரப்பட்டிக்காரர். பச்சைத் தோல் வாங்கச் சந்தை சந்தையாகச் சுற்றிக்கொண்டிருந்தவரை, நான் வரும்வரை என்று முதலாளி உட்கார வைத்திருந்தார். நேரான முதுகு, நல்ல கண், என்னைவிட நல்ல குணம். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "வாங்க, உங்க எடமுங்க" என்றார். காசிக் கயிறு ஒன்று கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் வாழ்நாளில் நான் கூசிப்போன இடங்களில் அது முதல் தரம்.

முதலாளி நேராகவே சொன்னார். "பத்து நாள்ல மதராஸ் ஏஜண்டு வாறாரு. இந்த லாட்டுத் தோல் முச்சூடும் நீங்க பிரிச்சுத் தாங்க. ஏலுமுன்னா பாய் உங்களுக்கு. ஏலாட்டி மனசுல வச்சுக்கிறாதீக, அவரு இருக்கட்டும். உங்களுக்கு வாசல்ல ஒரு நாக்காலி போட்டுத் தாறேன்."

வாசல் நாற்காலி என்ன என்று எனக்குத் தெரியும். கைகால் விழுந்த பழைய ஆட்கள் அதில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே காலத்தைத் தள்ளுவார்கள்.

முதல் நாள் பாயில் உட்கார முயன்றேன். மாவுக்கட்டு சம்மதிக்கவில்லை. மேசை போட்டு நின்று பார்த்தேன். மேசை தொடை உயரம், தோல் எங்கோ கீழே கிணற்றுக்குள் கிடப்பதுபோல இருந்தது. இரண்டாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. அடுக்கி வைத்திருந்த தோல் கட்டின் மேல் குப்புறப் படுத்துத் தலையை ஓரத்தில் தொங்கவிட்டுக் கீழே விரித்த தோலைப் பார்ப்பது. ஆறு மாதம் புத்தகம் படித்தவனுக்குத்தான் இப்படி யோசனை வரும். ஒரு இருபது தோல் பார்த்தேன். பிறகு எழுந்திருக்க வேண்டிய வேலை வந்தது. வரவில்லை. கையும் காலும் ஆடின, நடுவில் இருந்தது அசையவில்லை. ஆவாரம்பட்டைத் தொட்டியில் வேலை பார்த்த நாலு பேர் ஈரக் கையோடு ஓடிவந்து ஆமையைத் திருப்புவதுபோல என்னைத் திருப்பி நிறுத்தினார்கள். "மேஸ்திரி, அடுத்த வாட்டி படுக்கும்போது சொல்லிட்டுப் படுங்கப்பு" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு சிரிப்பைவிடச் சத்தமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் நாற்காலியைப் பற்றி யோசித்துக்கொண்டே போனேன். அதற்கு ஒரு மெத்தை வேண்டும் என்றுகூடத் தோன்றிவிட்டது. கிழக்குப் பார்த்த கதவுப் பக்கம் போய் நின்றேன். நெய்க்காரப்பட்டிக்காரர் என் நிலைமையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஏனுங்க, நீங்க சிரமப்படாதீங்க. நானு தூக்கிப் புடிக்கறனுங்க. நீங்க நின்னே பாருங்க."

நான் தோற்றால் அந்தப் பாய் அவருக்கு. அது அவருக்கும் தெரியும். ஒரு தோலை எடுத்து இரண்டு முனையையும் பிடித்து என் கண்ணுக்கு நேரே தூக்கினார். அவருக்குப் பின்னால் கதவு. கதவுக்குப் பின்னால் மலைக்கோட்டைப் பாறைக்கு மேலே ஏறியிருந்த காலை வெயில்.

தோலின் நடுவே நூல் மாதிரி ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"அசையாதீங்க" என்றேன். உள்பக்கம் தடவிப் பார்த்தேன். உரிக்கும்போது பட்ட கத்தி வெட்டு; மேல்புறம் வரை வரவில்லை. மடியில் விரித்துப் பார்த்தால் ஒரு நாளும் தெரியாது. செருப்பு தைக்க இழுத்து மாட்டினால் அந்த இடத்தில்தான் கிழியும். அது முதல் தரத்து அடுக்கிலிருந்து எடுத்த தோல். அடுத்ததைத் தூக்கச் சொன்னேன். சுத்தம். அடுத்ததில் ஊசிமுனை ஊசிமுனையாக உண்ணி கடித்த ஓட்டைகள், ராத்திரி வானம் மாதிரி.

அடுத்த தோலைக் கேட்க மறந்து நின்றேன். அவர், "ஏனுங்க, ஒடம்புக்கு என்னமாச்சும் பண்ணுதுங்களா?" என்றார்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வருஷம் குனிந்து குனிந்து, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் நிழலிலேயே தோல் பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. எங்கள் சரக்கில் பத்துக்கு இரண்டை மதராஸ் ஏஜண்டு தள்ளிவிடுவார். அது அவருடைய குதர்க்கம் என்று பன்னிரண்டு வருஷமாக அவரைத் திட்டியிருக்கிறேன். அவர் வீட்டார் உள்பட.

கதவுக்குக் குறுக்கே என் கண் உயரத்துக்கு ஒரு மூங்கிலைக் கட்டச் சொன்னேன். தோலை மூங்கிலில் போட வேண்டியது, வெளிச்சத்தில் பார்க்க வேண்டியது, உள்பக்கம் ஒரு தடவு, தரத்தைச் சொல்ல வேண்டியது. அவர் போட, நான் பார்க்க, இன்னொருவர் அடுக்க. கழுத்தை அசைக்க வேண்டாம். முதுகைக் கேட்கவே வேண்டாம். வெயில் ஏறி மேற்கே சாய்ந்ததும் மூங்கிலை மேற்குக் கதவுக்கு மாற்றினோம். ஆறாம் நாள் வாக்கில் பழைய வேகத்தைத் தாண்டிவிட்டேன். எட்டாம் நாள் மாவுக்கட்டுக்குள் ஒரு கட்டெறும்பு புகுந்தது. அன்று மட்டும் கொஞ்சம் சுணக்கம். ஈர்க்குச்சியால் அதை விரட்டினேனா, உள்ளே இன்னும் தள்ளினேனா என்பது மூன்று மாதம் கழித்துக் கட்டை வெட்டியபோதுதான் தெரிந்தது.

ஏஜண்டு வந்தார். வழக்கம்போல அடுக்கின் நடுவிலிருந்து பத்துத் தோல் உருவினார். ஒன்றையும் தள்ளவில்லை. இன்னும் பத்து உருவினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடியிலிருந்து பத்து. நான் மூங்கிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்; என் நெஞ்சு எதையோ சாதித்த நெஞ்சு மாதிரி முன்னால் நின்றது. மாவுக்கட்டில் வேறு மாதிரி நிற்க முடியாது என்றாலும் அன்று அதற்குத் தகுதி இருந்தது.

அவர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். லாட் முழுவதையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்றார். எங்கள் ஷாப்பில் அதுவரை அந்த வார்த்தை கேட்டதில்லை. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை அவருக்கு. முதலாளி பக்கம் திரும்பி, "அந்தக் கூன் விழுந்த கிழவரை நிறுத்திட்டீங்களா? நல்ல காரியம். பாவம், கண்ணு போயிருக்கும் அவருக்கு. இவர் கெட்டிக்காரர்" என்றார்.

முதலாளி சிரிக்கவில்லை. "ஆமா, அவரு காசிக்குப் போயிட்டாரு" என்றார்.

என்னை நானே வேலையை விட்டு நீக்கி, என் இடத்தை நானே பிடித்துக்கொண்டேன் என்ற பெருமை எல்லாருக்கும் வாய்க்காது. சாயங்காலம் பட்டைத் தொட்டிக்காரர்கள் நாலு பேரும் என்னைத் தூக்கப் பார்த்தார்கள். ஒரு தரம் தூக்கிய அனுபவத்தில் உடனே இறக்கியும் விட்டார்கள். நெய்க்காரப்பட்டிக்காரர் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, "எனக்குச் சந்தைதானுங்க தோது. உக்காந்து உக்காந்து இடுப்பே போச்சுங்க" என்று சந்தோஷமாகப் போய்ச் சேர்ந்தார். அவர் கையில் அந்தக் கறுப்புக் கயிறு அப்படியே இருந்தது. பாயை நான் திரும்ப விரிக்கவில்லை. மூங்கில் நின்றது, அதற்கு முன்னால் நானும் நின்றேன். எங்கள் ஷாப்பில் அதற்கப்புறம் யாரும் உட்கார்ந்து தரம் பிரிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து மதராஸ் போய் மாவுக்கட்டை வெட்டிவிட்டு வந்தேன். (எறும்பு உள்ளேதான் இருந்தது.) வெறும் சட்டை முதுகில் ஒட்டிய சுகத்தில், இனி மறைக்க ஒன்றும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி வீட்டிலிருந்து ஷாப்பில் எல்லாருக்கும் நெய்ச்சோறும், பருப்பில் காய் போட்ட தால்ச்சாவும் வரும். எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் மேசை. பரிமாற நின்ற முதலாளியிடம் நான் எழுந்து போய், உயர்ந்திருந்த இரண்டு அங்குலத்தையும் முழுக்க உபயோகித்து நின்று சொன்னேன்.

"முதலாளி, நான் காசிக்குப் போகல. மதராஸ் ஆஸ்பத்திரியில கெடந்தேன். முதுகுல ஆபரேஷன். சொன்னா எடம் போயிரும்னு பயம்."

திட்டுவார், அல்லது கண் கலங்கித் தழுவுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் நின்றேன். தழுவினால் இனிமேல் சத்தம் வராது.

"தெரியுமே" என்றார் அவர், கரண்டியைச் சட்டியில் சாய்த்துக்கொண்டே. "கங்கையில குளிச்சேன், குளிச்சேன்னு ஆறு கார்டு எழுதினீக. ஆறுலயும் மதராஸ் தபால் முத்திரை. ஷாப்புல அம்புட்டுப் பேரும் படிச்சோம்."

அவர் மேசையில் இருந்த என் தட்டை எட்டிப் பார்த்தார்.

"அது கெடக்கட்டும் மேஸ்திரி. இனிமேயாச்சும் தால்ச்சாவுல கத்திரிக்கா போடச் சொல்லலாமா? மூணு மாசமா உங்க பொய்க்கு நாங்கள்ல பத்தியம் இருக்கோம்."